ரியாத்திலிருந்து வந்த அழைப்பின் விலை

தொண்ணூறுகளில் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் வீட்டுக்குள் டெலிபோன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குச் சந்தியிலிருந்த கொமியூனிகேஷன் கடையே கதி. ரியாத்திலிருந்தோ குவைத்திலிருந்தோ அழைப்பு வரும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, உம்மாவும் பிள்ளைகளும் வாங்கில் காத்திருப்பார்கள். பேசக் கிடைப்பது சில நிமிடம். அந்த நிமிடங்களுக்குள் இருந்த காசு யாருக்குச் சேர வேண்டியது என்பது இன்றும் தீராத கேள்வி.

நாட்டின் தொலைபேசி நெடுங்காலம் தபாலோடு சேர்ந்த அரச திணைக்களமாக இருந்தது. 1980இல் தபாலிலிருந்து பிரிந்தது. 1991இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் என்ற கூட்டுத்தாபனமானது, 1996இல் கம்பனியானது. 1997 ஓகஸ்டில் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 வீதப் பங்கு 22.5 கோடி அமெரிக்க டொலருக்கு ஜப்பானின் நிப்பொன் டெலிகிராப் அன்ட் டெலிபோன் நிறுவனத்திடம் போனது. பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்தும் நிர்வாகம் ஐந்தாண்டுகளுக்கு ஜப்பானியர் கையில். ஊழியர்களுக்கும் 3.5 வீதம் கிடைத்தது.

அன்றைக்கு எழுந்த வாதமெல்லாம் அந்நியருக்கு விற்கலாமா என்பதைச் சுற்றியே நின்றது. அதைவிடப் பெரிய விஷயம் ஒப்பந்தத்துக்குள் இருந்தது. வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரை ரெலிகொம்முக்கு மட்டுமே என்று உறுதி கொடுக்கப்பட்டிருந்தது. கொழும்பில் அப்போதே டயலொக் இருந்தது, சன்டெல், லங்கா பெல் போன்ற தனியார் நிறுவனங்களும் இருந்தன. ஆனால் கடல் கடந்து பேச ஒரே வாசல்தான். இங்கிருந்து எடுத்தால் ரெலிகொம் சொன்ன விலை. அங்கிருந்து எடுத்தாலும் அந்நாட்டுக் கம்பனி நிமிடக் கணக்கில் ரெலிகொம்முக்குப் பணம் கட்ட வேண்டும், அதுவும் அழைப்பவரின் தலையில்தான் விழும். வாங்க வந்தவர் பங்குக்குக் கொடுத்த விலையில் இந்த ஒற்றை வாசலின் பெறுமதியும் அடங்கியிருந்தது. அதாவது, வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவள் பிள்ளையின் குரலைக் கேட்கச் செலவழிக்கப்போகும் பணத்தின் ஒரு பங்கைத் திறைசேரி முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மறுபக்கத்து நியாயத்தையும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. திணைக்களக் காலத்தில் ஒரு இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். யுத்தம் அரசின் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் வந்தபின் சில ஆண்டுகளிலேயே இணைப்புகள் இரட்டிப்பாயின. வெளிநாட்டு அழைப்பின் இலாபம் இல்லாமல் கம்பி இழுக்க முதல் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கம்பி முதலில் எங்கே போனது? தொலைபேசிகளின் பெரும்பகுதி மேல் மாகாணத்தில் இருந்தது. கல்முனைப் பக்கத்து வயற்காரருக்கு இது பழகிய கதை. வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறவருக்கு வயல் நிறையும், கடைமடையில் இருக்கிறவர் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையின் முகத்தைப் பார்த்து நிற்பார். ஆயினும் வயலில் ஒரு ஒழுங்கு உண்டு. தண்ணீர் கடைசியாகக் கிடைப்பவரிடம் கூடுதலாக அறவிடுவதில்லை. தொலைபேசியில் நடந்தது அதற்கு நேர்மாறு. இணைப்பு கடைசியாகக் கிடைத்த வீடுகளே வளைகுடாவுக்கு ஆள் அனுப்பி, விலை கூடிய அழைப்புகளில் தங்கியிருந்தன.

மதீனாவின் ரூமா கிணற்றைப் பற்றி இப்பகுதிப் பள்ளிவாசல்களில் பயான் கேட்காதவர் குறைவு. சொந்தக்காரர் தண்ணீரை விலைக்கு விற்றுவந்தார். உஸ்மான் (ரழி) தன் பணத்தில் கிணற்றை வாங்கி எல்லோருக்கும் வக்பு ஆக்கினார். கிணற்றுக்காரருக்கும் விலை கிடைத்தது, தாகித்தவருக்கும் தண்ணீர் கிடைத்தது. 1997இல் கிணறு ஏற்கெனவே பொதுச் சொத்து. அதன் வாளியை ஐந்தாண்டுக்கு ஒருவர் கையில் கொடுத்து, வந்த பணத்தைப் பொதுச் செலவுக்கு எடுத்தார்கள். பங்கு விற்றதில் அநீதி இல்லை. போக்கிடமற்றவரின் தேவையை விலை பேசியதுதான் அநீதி.

தனியுரிமை முடிந்து 2003இல் பல நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது வெளிநாட்டுக் கட்டணம் சரிந்தது. 2008இல் ஜப்பானியரின் பங்கு மலேசியாவின் ஆனந்த கிருஷ்ணனின் குழுமத்துக்குக் கைமாறியது. அவர் இலங்கைத் தமிழ் வம்சாவளியினர். பில் கட்டுகிறவருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை.

அரசிடம் மீந்திருந்த 49.5 வீதத்தையும் விற்க 2023இல் முடிவானது. பாராளுமன்றக் குழுவொன்று தேசிய பாதுகாப்பைக் காரணங்காட்டி எச்சரித்தது. 2024 ஜனவரியில் இந்தியாவின் ஜியோ உட்பட மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஆட்சி மாறியபின் விற்பனை கைவிடப்பட்டது. இந்தப் பேச்சு மறுபடியும் வரும். வந்தால், இக்கரையோரத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் பங்கின் விலையைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. பங்கோடு சேர்த்து என்னென்ன உரிமை கொடுக்கப்படுகிறது, எத்தனை ஆண்டுக்கு, அதற்கான காசை எந்த வீடுகள் கட்டப்போகின்றன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.