175 பங்குகளின் கணக்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர், டைட்டன், டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் ஆகிய நிறுவனங்களின் வாயிலை அன்றாடம் கடந்து செல்வதாலேயே அவற்றின் பங்கு விலைப் போக்கும் தமக்குப் பிடிபடும் எனக் கருதி ஆப்ஷன் வணிகத்தில் இறங்குவது இயல்புதான். எனினும் தொழிற்சாலையை அறிவது வேறு, விலையை அறிவது வேறு. முதிர்வு நாளில் ஒரு பங்கை முன்பே உறுதிசெய்த விலைக்கு, அதாவது ஸ்ட்ரைக் விலைக்கு, வாங்கும் உரிமை ‘கால்’ என்றும், விற்கும் உரிமை ‘புட்’ என்றும், அவ்வுரிமைக்காகச் செலுத்தும் திரும்பி வராத தொகை ‘பிரீமியம்’ என்றும் வழங்கப்படுகின்றன.

கணக்குக்காக, 175 பங்குகள் கொண்ட ஒரு லாட்டில் 3,600 ரூபாய் ஸ்ட்ரைக் விலையுள்ள டைட்டன் ‘கால்’ உரிமையைப் பங்குக்கு 60 ரூபாய் பிரீமியத்தில் வாங்கினால் செலவு 10,500 ரூபாய். முதிர்வு நாளில் பங்கு 3,660 ரூபாயைத் தாண்டினாலன்றி இலாபம் இல்லை. புதியவர் பலர் கவனிக்கத் தவறும் விதி இதற்கு அடுத்தது: 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன்கள் அனைத்தும் பங்குகளையே கைமாற்றித் தீர்க்கப்படுவதால், அந்தக் ‘கால்’ உரிமையை விற்று வெளியேறாமல் இறுதிவரை வைத்திருப்பவர், பங்கு 3,600 ரூபாய்க்கு மேல் முடியுமானால், 6,30,000 ரூபாய் செலுத்தி 175 பங்குகளையும் ஏற்றாக வேண்டும். பத்தாயிரத்துடன் வந்தவருக்கு இது சிறிய தொகையன்று.

2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமே அடைந்தனர் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.