உயரழுத்த பம்பும் உபாதியும்

பெட்ரோலை நேராக எரியறைக்குள் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் வழக்கமாக இரண்டு பம்புகள் வேலை செய்கின்றன. டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் சில பார் அழுத்தத்தில் பெட்ரோலை என்ஜின்வரை கொண்டுவந்து விடுகிறது. அங்கே கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் உயரழுத்த பம்ப், என்ஜினைப் பொறுத்து 100 முதல் 350 பார்வரை அதை அழுத்தி இன்ஜெக்டர்களுக்குத் தருகிறது. காரை ட்யூன் செய்து பூஸ்டை ஏற்றினால் சிலிண்டருக்குள் காற்று கூடும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். கம்பெனி பம்ப் அந்த அளவை எட்டாதபோது பெரிய பம்ப் மாட்டுகிறார்கள். மாட்டியதும் எழும் கேள்வி, இதை நம்பலாமா என்பது. கேட்பதற்குப் பொறியியல் கேள்விபோல இருந்தாலும் பாதிக்கு மேல் இது அளவையியலின் கேள்வி. நடந்ததை வைத்து நடக்கப்போவதைச் சொல்ல மனிதருக்கு என்ன உரிமை?

அப்படி ஓர் உரிமையே கிடையாது என்றார்கள் பண்டைய இந்தியப் பொருள்முதல்வாதிகளான சார்வாகர்கள். கண்ட இடத்தில் புகையும் நெருப்பும் சேர்ந்திருந்தன, சரி. காணாத இடத்துக்கும் வராத காலத்துக்கும் அந்த உறவை நீட்டக் காட்சி உதவாது, அனுமானத்தை அனுமானத்தாலேயே நிறுவவும் முடியாது என்பது அவர்கள் வாதம். 1748-இல் மனித அறிவைப் பற்றிய நூலை வெளியிட்ட ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் வேறு வழியாக ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். நாளையும் இன்றுபோல் இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை பழக்கம்தான், தர்க்கம் இல்லை என்றார். அதற்காக அன்றாட வாழ்வில் அந்தப் பழக்கத்தைக் கைவிடும்படி அவர் சொல்லவில்லை. கைவிட்டால் எந்தக் காரையும் ஸ்டார்ட் செய்ய முடியாது.

பட்டறைக்கு அதிகம் உதவுவது இந்திய அளவையியல் பள்ளியான நியாய மரபின் விடை. புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது நிலைக்கும். நெருப்பு இருந்தால் புகை உண்டு என்பது நிலைக்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும். இப்படி மறைவில் நின்று ஓர் உறவைத் தாங்கும் நிபந்தனைக்கு அம்மரபினரான நையாயிகர்கள் இட்ட பெயர் உபாதி. 14-ஆம் நூற்றாண்டில் அவர்களில் ஒருவரான கங்கேசர் தம் ‘தத்துவ சிந்தாமணி’யில் அதை நுணுக்கமாக ஆராய்ந்தார். உபாதி இருப்பது தெரிந்துவிட்டால், எத்தனை முறை சேர்ந்து கண்டோம் என்ற எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

“இந்த பம்ப் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும்” என்ற வாக்கியத்துக்குள் இத்தகைய உபாதிகள் பல ஒளிந்திருக்கின்றன. பெரிய பம்ப் என்பது பெரும்பாலும் பெரிய பிளஞ்சர்தான், அதாவது பெட்ரோலைத் தள்ளும் தண்டு. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளஞ்சரை 10 மில்லிமீட்டராக்கினால் பரப்பு 56 சதவீதம் கூடும். ஒவ்வொரு அடியிலும் தள்ளும் பெட்ரோலும் அதே அளவு கூடும். கூடுவது பெட்ரோல் மட்டுமாக இருந்தால் கவலையில்லை. 200 பார் அழுத்தத்தில் 8 மில்லிமீட்டர் பிளஞ்சர் கேமின்மீது திருப்பி அழுத்தும் விசை ஏறத்தாழ 1,000 நியூட்டன், அதாவது 100 கிலோ எடை. 10 மில்லிமீட்டரில் அது 160 கிலோ எடையாகிவிடும். நான்கு லோப் (மேடு) கொண்ட கேமில், என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, நொடிக்கு 200 முறை இந்தச் சுமை விழுகிறது. கேமும், அதன் தள்ளலைப் பிளஞ்சருக்குக் கடத்தும் ஃபாலோயரும் பழைய சுமைக்கு வடிவமைத்தவை. அவற்றின் பழைய ஆயுளைப் புதிய பம்புக்குச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது.

வோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ113 வகை 2.0 லிட்டர் டர்போ என்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கேமுக்கும் பிளஞ்சருக்கும் நடுவே இருப்பது உருளை இல்லாத கிண்ண வடிவ ஃபாலோயர். கேம் அதன்மேல் சறுக்கியே ஓடுகிறது. முதலில் மேற்பூச்சு தேய்கிறது, பிறகு எஃகு, கடைசியில் ஓட்டை. அதற்குப் பின் கேமும் பம்பும் சேர்ந்தே கெடும். ட்யூன் செய்யாத கார்களிலும் இது நடந்தது. பின்னர் வந்த இஏ888 என்ஜினில் உருளை வைத்த ஃபாலோயர் வந்தது. பழைய என்ஜினில் பம்ப் செத்துப்போனால் குற்றத்தை யார்மேல் போடுவது? பம்ப் ஒழுங்காகவே இருந்திருக்கலாம். நம்பகம் பம்புக்குள் குடியிருக்கும் குணம் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. பம்ப், கேம், எண்ணெய், எரிபொருள், பூஸ்ட் ஆகியவை கூடும் சேர்க்கைக்கே அந்தக் குணம் உரியது.

அப்படியானால் கம்பெனி பம்ப் தன்னளவில் நம்பகமானதா? பிஎம்டபிள்யூவின் என்54 இரட்டை டர்போ என்ஜின் அந்த நம்பிக்கைக்கு இடம்கொடுக்கவில்லை. உயரழுத்த பம்ப் கோளாறுக்காக 2010 அக்டோபரில் அந்நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,30,000 கார்களைத் திரும்ப அழைத்தது. சாவியைத் திருப்பியபின் நெடுநேரம் சுற்றியே ஸ்டார்ட் ஆவதும், ஓடும்போது திடீரென இழுவை குறைவதும் கோளாறின் அறிகுறிகள். தொழிற்சாலைச் சோதனையும் எல்லா உபாதிகளையும் கண்டுபிடித்துவிடுவதில்லை.

பிறர் அனுபவத்தை நம்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பொருளை எண்ணற்ற வகைகளில் சேர்க்கலாம் என்பதை ஆங்கிலத் தர்க்கவியலாளர் ஜான் வென் 1866-இல் எழுதிய ‘தி லாஜிக் ஆஃப் சான்ஸ்’ நூலில் சுட்டிக்காட்டினார். ஒரு காரை ‘பெரிய பம்ப் போட்ட கார்கள்’ என்ற வகையில் வைத்தால் ஒரு நிகழ்தகவு வரும். ‘பெரிய பம்ப் போட்டு எத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் கார்கள்’ என்ற வகையில் வைத்தால் வேறொன்று வரும். சரியான வகை எது என்பதைப் புள்ளிவிவரம் தானாகச் சொல்லாது. சாட்சி சொல்பவருக்கு நியாய மரபின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் வைத்த தகுதி இங்கே பொருந்தும்: பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் வேண்டும். சாட்சி ரிஷியாக இருக்க வேண்டியதில்லை, மிலேச்சராகவும் (அந்நியராகவும்) இருக்கலாம் என்றார் அவர். பம்பைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் இந்தத் தகுதியில் எளிதாகத் தேறுவார். பம்ப் விற்பவருக்கு இரண்டாவது தகுதி சற்றுச் சந்தேகம்தான்.

மிஞ்சுவது சோதனை. முழு ஆக்சிலரேட்டரில் என்ஜின் கணினி கேட்ட ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தையும் உண்மையில் கிடைத்த அழுத்தத்தையும் இரு கோடுகளாகப் பதிவு செய்து ஒப்பிடலாம். இரண்டாவது கோடு கீழே சரிந்தால் பம்ப் எட்டவில்லை, அல்லது டேங்க் பம்ப் அதற்குப் போதுமான பெட்ரோலைத் தரவில்லை. அந்த நிலையில் பூஸ்டைக் குறைக்காமல் ஓட்டினால் கலவை மெலிந்து, நாக்கிங் வந்து, பிஸ்டன் உருகவும் கூடும். கோடு சரியவில்லை என்றால் நிரூபணமாவது ஒன்றுதான்: அந்த எரிபொருளில், அந்த பூஸ்டில், அன்றைக்கு பம்ப் போதுமானதாக இருந்தது. எத்தனால் மிகுந்த இ85 எரிபொருளுக்கு மாறினால் அதே சக்திக்குக் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திரவம் வேண்டும். பெட்ரோலில் எடுத்த பழைய பதிவு அதற்குச் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும், ஃபாலோயரையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.