பங்குக்காரியின் கேள்வி

2005-இல் டாடா டீ நிறுவனம் மூணாறு தேயிலைத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. தோட்டங்களை இழுத்து மூடவில்லை. வேலை செய்பவர்களுக்கே பங்கு கொடுத்து, கண்ணன் தேவன் பெயரிலேயே புதிய கம்பெனி உருவானது. 12,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை. பெரும்பான்மைப் பங்கும் அவர்கள் கையில். கொழுந்து கிள்ளுகிற பெண்ணும் முதலாளிகளில் ஒருத்தி. சமூகப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொன்னதில் வியப்பில்லை.

பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அந்தப் பங்குக்காரிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். லாபம் குறைந்தது என்று போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தது நிர்வாகம். இவர்கள் கேட்டது 20. அன்றைய நாள்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் துரத்திவிட்டார்கள். இந்தப் பெண்களின் அணிக்கு வந்த பொம்பிளை ஒருமை என்ற பெயர் கேரளம் முழுவதும் எட்டியது. ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. கூலி பின்னர் 301 ஆனது.

சொந்தக் கம்பெனியை எதிர்த்தே போராட்டமா?

அப்படி ஒரு பங்குக்காரியின் காலைப்பொழுதைப் பாருங்கள். பங்குப் பத்திரம் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. அவள் விடிந்ததும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கிறாள். எடை போடுகிறவர் ஆண், பேர் பதிகிறவர் ஆண், சங்கத்தில் அவளுக்காகப் பேசுகிறவரும் பெரும்பாலும் ஆண். குடியிருப்பதோ லயம் எனப்படும் கம்பெனி வரிசை வீடு. ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாராவது தோட்ட வேலையில் இருந்தால்தான் அந்தக் கூரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த தலித் குடும்பங்கள் பல. அதிகாரம் பேசும் மொழியும் வேறு. பங்கு கொடுத்ததால் இவற்றில் எது மாறியது? ஊரில் இருக்கிற மேடுபள்ளம் அப்படியே கம்பெனிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கம்பெனிச் சட்டத்தில் வாக்கு பங்கின் கணக்குப்படி. கூட்டுறவில் ஆளுக்கு ஒன்று. ஸ்பெயினின் மொண்ட்ராகன் தொழிலாளர் கூட்டுறவுகள் 1956-லிருந்து அப்படித்தான் நடக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாலக்காட்டு எல்லையில் சித்தூர்ப் பக்கத்துப் பால் சங்கங்களிலும் விதி அதுதான். ஆனால் அங்கேயும் ஒரு சங்கதி உண்டு. மாட்டைக் கழுவி, தீவனம் வைத்து, விடியலில் கறப்பவள் மனைவி. உறுப்பினர் அட்டையில் பெரும்பாலும் கணவன் பேர். நல்ல விதி, ஆனால் வாக்கு யாருக்குப் போகிறது?

மூணாறு பெண்கள் 2015 நவம்பரிலேயே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றார்கள். கம்பெனிக்குள் கிடைக்காத பேச்சுரிமையை வெளியே போய்த் தேடினார்கள் என்றே இதைப் படிக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பால் சங்கமோ கூட்டுறவு வங்கியோ பொதுக்குழுக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால் மடித்து வைத்துவிடாதீர்கள். போய் உட்கார்ந்து வரவுசெலவைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பால் கறப்பவர் பேரில் உறுப்பினர் அட்டை இல்லையென்றால், அதற்கான மனுவையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.