அறிவது எதற்காக?



“சுவாமி, பிறக்காத பிள்ளையை மெஷினில் பார்ப்பது கடவுளைச் சோதிப்பதாகாதா?”

மதுரங்குளியில் ஒரு மாமியார் கேட்ட கேள்வி இது. கர்ப்பிணியான மருமகளுக்குப் பிரஷர் கூடுதல். முந்திய பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. கிளினிக்கில் ஸ்கான் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். “எல்லாம் கடவுள் விட்ட வழி” என்று வீட்டிலிருக்கவே குடும்பத்தார் விரும்பினர்.

இக்கேள்வியை இகழவேண்டாம். அதில் பக்தியும் உண்டு, பயமும் உண்டு. ஒரு பிள்ளையைப் புதைத்த வீட்டில், கெட்ட செய்தியை முன்கூட்டியே கேட்கும் துணிவு இலகுவில் வராது. ஆனால் பயத்தைப் பக்தி என்று எண்ணி ஏமாறக்கூடாது.

ஒரு காலத்தில் அறிந்தும் அதிகம் செய்யமுடியவில்லை என்பது உண்மை. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவாகவும் பிள்ளையின் இரத்தம் பொசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடல் அதை அந்நியமாகக் கண்டு எதிர்க்கத் தொடங்கும். பெரும்பாலும் முதற்பிள்ளை தப்பிவிடும்; பின்வரும் பிள்ளைகளின் இரத்த அணுக்களை அந்த எதிர்ப்பு அழித்துவிடும். 1963இல் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் வைத்தியர் வில்லியம் லைலி, தாயின் வயிற்றினூடாக ஊசி செலுத்தி, கருவிலிருந்த பிள்ளைக்கே இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார். கருவறைப் பிள்ளையும் ஒரு நோயாளியே என்பதை உலகம் கண்டது. 1968இல் இந்நோயை வராமலே தடுக்கும் ஊசியும் வந்தது.

பிரஷர், சீனி வியாதி உள்ள தாய்மாருக்கும் இன்று வழியுண்டு. பிள்ளையின் வளர்ச்சி தடைப்படுகிறதா, அதற்குப் போகும் இரத்தம் குறைகிறதா என்பதை ஸ்கான் காட்டும். காலத்தோடு அறிந்தால் மருந்து கொடுக்கலாம். தக்க நேரத்தில் பிரசவம் பார்க்கலாம். பிள்ளையின் அசைவு குறைவதை மெஷினுக்கு முன் தாயே உணர்வாள். உணர்ந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அப்படியானால் அறிவதெல்லாம் நன்மைதானா? எதற்காக அறிகிறோம் என்பதைப் பொறுத்தது அது. பிள்ளையின் உயிரை மதித்து, அதைக் காக்கவோ குணமாக்கவோ செய்யும் பரிசோதனை நல்லது என்றும், குறை கண்டால் அழித்துவிடும் எண்ணத்தோடு செய்வது தீது என்றும் 1987இல் திருச்சபை ‘உயிரின் கொடை’ என்னும் ஏட்டில் தெளிவுபடுத்தியது. மெஷின் ஒன்றுதான், மனம்தான் வேறு.

குணமாக்க முடியாத குறை தெரியவந்தால்? அங்கேதான் நமக்குச் சோதனை. “பெற்றெடு” என்று புத்தி சொல்லும் நாம், பெற்ற பின் அந்த வீட்டுப் படி ஏறுகிறோமா? அல்லது, “யார் செய்த பாவமோ?” என்று முணுமுணுக்கிறோமா? பிறவிக் குருடனைப் பற்றி அப்படிக் கேட்டவர்களை இயேசு திருத்தினார் அல்லவா?

முதிர்வயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளை இன்றைய கிளினிக் ஆபத்தான கர்ப்பிணி என்றே பதிந்திருக்கும். “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று அன்னை மரியாள் நாசரேத்தில் இருந்துவிடவில்லை. மலைநாட்டுக்கு விரைந்தார், ஏறக்குறைய மூன்று மாதம் கூடவே தங்கினார்.

மதுரங்குளியிலிருந்து புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ பஸ் ஏறும் ஏழைத் தாய்க்கு ஒரு நாட்கூலி போகும். வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க ஆளும் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம், வாசகரே.

அந்த மாமியாருக்கு நான் சொன்னது இதுதான்: “அம்மா, செபமாலையையும் எடுங்கள், கிளினிக் காட்டையும் எடுங்கள். மருமகளைத் தனியே விடாமல் நீங்களும் கூடப் போங்கள்.”