ஆண்டுப் பிறப்பும் அருட் கைவிசேடமும்

திருச்சிற்றம்பலம்



ஞாயிறு மேட ராசியிற் புகுகின்ற சித்திரை முதனாளை ஆண்டுப் பிறப்பாகக் கொண்டாடி வருகின்றோம். பிரபவ முதல் அட்சய ஈறாக எண்ணப்படும் ஆண்டுகள் 60. ஒருவன் தான் பிறந்த ஆண்டின் பெயரை மீண்டும் காண்டற்கு 60 ஆண்டுகள் உயிர்வாழ்தல் வேண்டும். மூன்றாம் முறை காண்டல் அரிதினும் அரிது. ஆகவே ஆண்டுப் பிறப்பு மகிழ்தற்குரிய நாள் மட்டுமன்று. நமக்களிக்கப்பட்ட காலத்தில் ஓராண்டு கழிந்ததென்று கணக்குப் பார்த்தற்குரிய நாளுமாம்.

அந்நாளில் நம் முன்னோர் வகுத்த வழக்கங்களை உற்று நோக்கின், அவை உடலையும் உளத்தையும் ஒருங்கே கருதினமை புலனாகும். தமிழகத்து இல்லங்களில் வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் கூட்டிய பச்சடியை அன்று உண்கின்றனர். வருவது கசப்பாயினும் இனிப்பாயினும் ஒப்ப ஏற்றல் வேண்டுமென்பது அதன் குறிப்பு. ஈழத்துச் சைவர்கள் விஷு புண்ணியகாலத்தில் மருத்துநீர் தேய்த்து முழுகுகின்றனர். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு முதலியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சியெடுப்பது அம்மருத்துநீர். முழுகிப் புத்தாடை புனைந்து ஆலயஞ் சென்று தொழுது மீண்டபின், வீட்டு மூத்தோர் கையால் இளையோர் கைவிசேடம் பெறுவர். வெற்றிலை, பாக்கு, நெல், பூ என்பவற்றோடு ஒரு காசு வைத்துக் கொடுப்பது வழக்கம்.

இவற்றோடு, புத்தாண்டில் உறுதிமொழி கூறி நோன்பு பூணுதலும் இஞ்ஞான்று பலர்பாற் காணப்படுகின்றது. வைகறையில் எழுவேன், நாடோறும் நடப்பேன், மிகையுணவு ஒழிப்பேன், புகையும் மதுவும் விடுவேன், திருமுறை ஓதாது உண்ணேன் என்றிங்ஙனம் பலவாகக் கூறுகின்றனர். கூறுங்காலத்து அவர் நெஞ்சிற் பொய் இல்லை. ஆயினும் சித்திரையிற் பூண்ட நோன்பு வைகாசியில் தளர்ந்து ஆனியில் மறைகின்றது. மறைந்தபின் எஞ்சுவது நாணம் ஒன்றே. அந்நாணமே மறுமுறை தொடங்கவொட்டாது தடுக்குந் தளையுமாகின்றது. இதற்குக் காரணம் யாது? மனவுறுதி இன்மையே என்பர் உலகத்தார். அடியேன் பட்டறிந்த ஒன்றை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

இரண்டாண்டுகட்கு முன் ஒரு புத்தாண்டில் அடியேன் நான்கு நோன்புகளை ஒருங்கே பூண்டேன். வைகறை 4 மணிக்கு எழுதல், கோயில் வெளிவீதியை 12 முறை வலம் வருதல், இரவுணவு ஒழித்தல், நாளொன்றுக்கு 5 பதிகம் ஓதுதல் என்பன அவை. நண்பர் பலர் கேட்ப அவற்றை எடுத்துரைத்து மகிழவுஞ் செய்தேன். 11ஆம் நாள் உறவினர் வீட்டுத் திருமணத்திற் பின்னிரவுவரை விழித்திருந்தமையால் மறுநாள் எழ இயலவில்லை. ஒன்று தவறவே பிறவுந் தவறின. சொன்ன சொற் காவாதவன் என்று என்னை யானே இகழ்ந்து, அவ்வாண்டு முழுதும் ஒன்றுஞ் செய்யாதிருந்தேன். தை மாதத்திற் காற்பெருவிரலில் ஒரு சிறு புண் தோன்றிப் பங்குனி வரை ஆறாது நின்றது. மருத்துவர் குருதியை ஆராய்ந்து நீரிழிவு முற்றியிருத்தலை அறிவித்து, இனியும் காலந்தாழ்ப்பின் விரலை நீக்க நேருமென்று எச்சரித்தார். சரியைத் தொண்டின் பெருமையைப் பிறர்க்கு விரித்துரைத்து வந்த அடியேன், கோயிலை வலம் வருதற்குரிய காலையே இழக்கும் நிலையில் நின்றேன்.

அடுத்த புத்தாண்டிற் கைவிசேடம் பெறுதற்குத் தாய்மாமன் இல்லஞ் சென்றேன். அவர் 80 அகவை கடந்தவர். காசைக் கொடுத்தபின், என் காலிற் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "தம்பி, இந்த ஆண்டு என்ன நோன்பு?" என்றார்.

"நோன்பு பூணத் தகுதியில்லாதவன் ஆகிவிட்டேன், மாமா" என்றேன்.

அவர் என் கையிலிருந்ததைச் சுட்டி, "இது எவ்வளவு?" என வினவினார்.

"10 ரூபாய்க் காசு."

"இதைக் கொண்டு என்ன வாங்குவாய்?"

"ஒன்றும் வாங்க முடியாது."

"பின்னை ஏன் இரண்டு கையும் நீட்டி வாங்கினாய்?"

"நீங்கள் தந்தமையால்."

"அதுதான், தம்பி. செலவழிக்கவென்று இதை நான் தரவில்லை. பெட்டியில் வைத்துக்கொள், இதன்மேல் வந்து சேரட்டும். உன் உடம்பும் ஒருவர் தந்த கைவிசேடந்தான். நீ அதை உன் சொந்தத் தேட்டமென்று எண்ணிவிட்டாய். இனி நாடோறும் திருநீறு பூசியவுடன் குனிந்து உன் காலை ஒருமுறை பார். இந்த ஆண்டுக்கு அது போதும்" என்றார்.

அவ்வெளிய சொல்லில் நம் சித்தாந்தத்தின் நுண்பொருள் அடங்கியிருத்தலைப் பின்னரே உணர்ந்தேன். ஆன்மா அநாதியே ஆணவ இருளால் மறைப்புண்டு கிடப்பது. அவ்விருள் சிறிது சிறிதாக நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்று தநு கரண புவன போகங்களை ஆக்கி அளிக்கின்றான். உடம்பு மாயையின் காரியம்; அறிவற்ற சடம். எனினும் ஞாயிறு தோன்றுமளவும் இருளறையில் உதவும் விளக்கினை ஒப்பது. விளக்கையே ஞாயிறென மயங்குதல் பிழை. ஞாயிறன்றென்று அவ்விளக்கை விடியுமுன் உடைத்தெறிதலும் பிழை. உடம்பை அழகுபடுத்துவதே வாழ்வெனக் கொண்டார் முன்னைய பிழையினர். வேதாந்தமும் சித்தாந்தமும் பேசிக்கொண்டே உடம்பைப் பேணாது விடுவார் பின்னைய பிழையினர். அடியேன் பின்னையோருள் ஒருவன்.

அடியேன் பூண்ட நான்கு நோன்பும் நல்லனவே. அவற்றின் அடியில் நின்றதோ யான் என்னும் முனைப்பு. 11 நாள் யான் செய்கின்றேன் என்று தருக்கிய அம்முனைப்பே, 12ஆம் நாள் யான் கெட்டேன் என்று சோர்ந்தது. தருக்கை மலமென்று அறிந்தோம். சோர்வையும் மலமென்று அறிந்தோமில்லை. அதனைப் பணிவெனப் பிறழவுணர்ந்து, தொடங்காமைக்கு அதனையே காரணமாகவுங் கொண்டோம். தந்தவன் பொருளென்று உடம்பை உணர்ந்தானுக்கு இவ்விரண்டும் இல்லை. கருவூலங் காப்பவன் ஒருநாட் கணக்கெழுத மறந்தால் மறுநாள் எழுதுவானேயன்றி, மறந்தேன் என்று கருவூலத்தைத் திறந்துவைத்து வீட்டிற் கிடந்து வருந்துவானா?

திருமூல நாயனார் வரலாறு இதனை நன்கு விளக்கும். கயிலையினின்று தென்றிசை போந்த சிவயோகியார், சாத்தனூர் ஆயனாகிய மூலன் இறந்து கிடப்ப அவன் மேய்த்த பசுக்கள் கதறுதல் கண்டு இரங்கி, தம்முடம்பை ஓரிடத்துச் சேமித்து அவனுடம்பிற் புகுந்தார். பசுக்களை ஊர் சேர்த்து மீண்டு நோக்குழித் தம்முடம்பைக் கண்டிலர். இறைவன் அதனை மறைத்தருளினான். பின்னர்த் திருவாவடுதுறையில் அரசமரத்தின் நிழலில் யோகத்தமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாட்டாக 3,000 ஆண்டுகளில் 3,000 பாட்டுக்கள் அருளினாரென்பது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. அவர்க்கு வாய்த்தது இரவலுடம்பு. திருமந்திரம் என்னும் தமிழாகமம் அவ்விரவலுடம்பிலிருந்தே பிறந்தது. முன்பு உடம்பை இழிந்ததென எண்ணியிருந்த தாம், இறைவன் அதனுட் கோயில் கொண்டமை கண்டபின் அதனை ஓம்பலாயினமையை அவரே எடுத்துரைத்தருளினார். ஆண்டுக்கு ஒரு பாட்டு என்னும் அளவையும் சிந்தித்தல் வேண்டும். மூவாயிரம் என்னும் பேரெண் ஒன்று ஒன்றாகவே நிரம்பிற்று.

அற்றேல், நோய் வருவது பிராரத்த வினையாலன்றோ? நுகர்ந்தே தீரவேண்டியதற்கு முயற்சி எதற்கு? எனின், கூறுதும். பிராரத்தம் நுகர்ச்சியாய் வந்து நிற்பது. அதனை எதிர்கொள்ளும்பொழுது நாம் செய்வது ஆகாமியமாய் மேலேறுவது. வந்த நோய் பிராரத்தமாயின், அந்நோய்க்கு மருத்துவரும் மருந்தும் எய்துதலும் அவ்வினைவழி இறைவன் கூட்டுவித்ததேயாம். கூட்டுவித்ததைப் புறக்கணித்தல் நம் குற்றம். அன்றியும், கண்ணுக்குக் காணுந் தன்மை உண்டாயினும் ஞாயிற்றின் ஒளியின்றிக் காணாது; ஒளி நிறைந்திருப்பினும் மூடிய கண் காணாது. முயற்சி கண்ணைத் திறத்தல், அருள் ஒளி. நோயுற்றார் மருத்துவரை நாடாது அருளையே பேசியிருத்தல் கண்ணை மூடிக்கொண்டு ஞாயிற்றை நோதலை ஒக்கும்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டதும் இங்கு நினைக்கத்தக்கது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் 96 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்று 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. உணவு, பருகுதல், உடலுழைப்பு ஆகியவற்றுள் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, காலையுணவுக்குப்பின் என்றாற்போல ஒரே அமயத்தோடு பொருத்தி, 12 வாரம் நாடோறுஞ் செய்யுமாறு அவர்களிடம் கூறினர். முயற்சியின்றித் தானே நிகழும் பழக்கமாக அது படிதற்கு இடைநிலையாக 66 நாள் ஆயிற்று. சிலர்க்கு 18 நாளே போதும் என்றும், சிலர்க்கு 254 நாள் வரை ஆகும் என்றுங் கணித்தனர். இடையில் ஒருமுறை தவறினமையாற் பழக்கம் படிதல் குறிப்பிடத்தக்கவாறு கெடவில்லை என்பதூஉம் அவர் கண்ட முடிபு. ஒரு மண்டலமாகிய 48 நாளிற் பயன் காணாதார் தம்மை நொந்துகொள்ள வேண்டுவதில்லை என்பதும், 12ஆம் நாள் தவறினான் 13ஆம் நாள் எழுந்திருந்தாற் போதும் என்பதும் இதனாற் பெறப்படும்.

ஒரே அமயத்தோடு பொருத்துதல் என்பது நமக்குப் புதிதன்று. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு. செம்மலர் அருகிருப்பின் படிகஞ் செம்மை காட்டும். திருநீறு பூசுதலும், திருவைந்தெழுத்து எண்ணுதலும், மாலையில் விளக்கேற்றுதலும் நாம் முன்னரே தவறாது செய்வன. உடலோம்பற் செயலை இவற்றோடு சார்த்தி வைத்தால், நிலைபெற்றதன் வலியை நிலைபெறாததும் பெறும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வகுத்த நெறி, முதிர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உடலுழைப்புச் செய்தல் வேண்டுமென்கின்றது. ஐந்து நாள் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் 150 நிமிடம் ஆயிற்று. சூலைநோய் நீங்கப்பெற்ற அப்பரடிகள் அவ்வுடம்பை வாளா வைத்திருந்தாரல்லர். உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முற்றத்துப் புற்செதுக்கினார். வீதிவலம் வருதலும், நந்தவனத்திற்கு நீரிறைத்தலும், கோயில் முற்றங் கூட்டுதலும் நாமுஞ் செய்யத்தக்கன. உண்டியில் ஒன்று கூறுதும். சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் பிரசாதமாதலின் அவற்றுக்கு அளவில்லையென்று கருதி நீரிழிவுடையார் பலர் நிரம்ப உண்கின்றனர். பிரசாதம் விரல்நுனியளவேயாயினும் பிரசாதமே. கைவிசேடத்தின் சிறப்புக் காசின் அளவிலில்லை. கொடுக்குங் கையில் உள்ளது.

அடியேன் செய்தி இனிச் சிறிதே. அன்றுதொட்டுத் திருநீறு பூசியவுடன் காலைக் குனிந்து பார்த்தேன். இறைவன் திருவடியை நாடோறும் நினைப்பதாகச் சொல்லிவந்தவன், அவன் தந்த என்னடியை ஒருநாளும் நோக்காதிருந்தமை அப்பொழுதே உறைத்தது. பார்த்தவன் புண்ணைக் கழுவினேன். கழுவியவன் மருத்துவர் தந்த மருந்தை மறக்கவில்லை. மருந்தை மறவாதவனுக்கு உணவிலும் அடக்கம் ஒருவாறு வந்தது. இடையிற் பல நாள் தவறின. தவறிய நாட்களுக்காக வருந்தியிராது, மறுநாட் காலையிற் குனிந்தேன். ஆடி மாதத்திற் புண் ஆறிற்று. ஆவணியில் மருத்துவர் இசைவுபெற்று வெளிவீதியை ஒருமுறை வலம் வந்தேன். இன்று மூன்று முறை வருகின்றேன். பன்னிரண்டு எய்தவில்லை. ஐந்து பதிகம் ஓதப் புகுந்தவன் ஒன்றே ஓதுகின்றேன். அதனையேனும் பொருளுணர்ந்து ஓதுகின்றேன்.

மாமனார் மார்கழியிற் சிவபதம் எய்தினார். அவர் தந்த காசு பெட்டியில் உள்ளது. இவ்வாண்டுப் பிறப்பிற் குடும்பத்து இளையோர்க்குக் கைவிசேடங் கொடுக்கும் முறை அடியேனுக்கு வந்தது. காசைக் கையில் வைக்கும்போது அவர் கூறியதையே அவர்கட்குங் கூறினேன். அதனையே ஈண்டு உங்கட்குங் கூறுகின்றேன். மெய்யன்பர்களே, இவ்வாண்டு பெரியன பல பூணாதீர்கள். உடம்பு உடையவன் தந்த கைவிசேடமென்று கருதி, சிறியதொன்றை நீங்கள் நாடோறுஞ் செய்யும் வழிபாட்டோடு சார்த்தித் தொடங்குங்கள். தவறினால் மறுநாட் காலையே உங்கட்குப் புத்தாண்டெனக் கொள்ளுங்கள். கொடுத்தவன் கணக்குக் கேட்குங்காலத்து, முழுவதும் பெருக்கினேன் என்று சொல்ல இயலாவிடினும், வைத்துப் போற்றினேன் என்று சொல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்