புரியின் பிறப்பிடம்

ஜெகதாப்பட்டினம் முதலிய கரையூர்களை அடுத்த பாக் விரிகுடாவில் எடுக்கப்படும் சங்குகளுள் ஏறக்குறைய அனைத்தும் இடம்புரியாக இருக்க, மிக அபூர்வமாய்க் கிடைக்கும் வலம்புரியை லக்ஷ்மீகரமென்று பூஜையில் வைத்து ஆராதிக்கும் நம்மவர்க்கு, உருவம் முழுதும் ஒத்திருந்தும் சுழற்சியொன்றினாலேயே இரு பொருள்கள் வேறாகலாம் என்பது புதிய செய்தியன்று.

மூலக்கூறுகளிலும் இவ்வேற்றுமை உண்டு. நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் லீவோடோபா, பூனைக்காலி விதையில் ஒரே புரியாக விளைகிறது. ஆய்வுசாலையில் சாதாரண முறையில் ஆக்கினாலோ இரு புரிகளும் சரிபாதியாய்க் கலந்தே வரும். வில்லியம் நோல்ஸ் என்னும் அமெரிக்கர், ஒரு புரியே உடைய பாஸ்பீனை ரோடியம் உலோகத்தோடு பிணைத்து அமைத்த வினையூக்கியோ, வேண்டிய வடிவத்தையே 100-க்கு 97 பங்குக்குமேல் தந்தது. 2001-ல் நோயோரி, ஷார்ப்லெஸ் இருவரோடும் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சூரிய சந்நிதியில் தாமரை மலர்வதுபோல், இறைவன் தான் விகாரமடையாமலே உலகை இயக்குகிறான் என்பது சைவ சித்தாந்தம். வினையூக்கியும் முடிவில் மாறாதிருப்பதால் அதனை இதற்குச் சான்றாகக் காட்டும் ஆவல் எனக்கும் எழுவதுண்டு; ஆயினும் அது முறையன்று. ரோடியம் எட்டநின்று அருள்வதில்லை. மூலப்பொருளைப் பற்றி, ஹைட்ரஜனை ஏற்று, நிலைதிரிந்து, கொடுத்துமுடித்த பின்னரே பழைய நிலைக்கு மீள்கிறது. அதன் புரியும் சுயார்ஜிதமன்று: அந்தப் பாஸ்பீன், புதினா இனச் செடிகளில் விளையும் மெந்தாலின் துணையால் ஒரு புரியாக்கப்பட்டது. செடி தன் முன்னோரிடமிருந்து பெற்றது. அம்முன்னோர்க்கெல்லாம் முந்திய ஆதிப் புரியை ஈந்தது எது என்பதற்கு விஞ்ஞானிகள் இன்னும் ஒருமித்த விடை காணவில்லை.