விற்ற பின் யாருடைய பொருள்?

விலை கொடுத்து வாங்கியவரே பொருளுக்கு உடையவர். இது கடை வைத்த நாள் முதல் நாம் அறிந்த பாடம். ஆனால், உள்ளிருக்கும் பாட்டரியைத் தாமே கழற்றி மாற்ற முடியாத கைப்போனை வாங்குகிறவர், அதற்கு முழுதும் உடையவர் ஆகிறாரா? பினாங்கில் கொம்தார் அருகே பிராங்கின் மாலிலும் மற்றக் கடைத்தெருக்களிலும் கைப்போன் விற்கும் நம்மவர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

முன்பெல்லாம் நோக்கியா போனின் பின்மூடியை விரலால் தள்ளிப் பாட்டரியை மாற்றினோம். 2007இல் வந்த ஐபோன் அதை உள்ளே வைத்து அடைத்துவிட்டது. சாம்சங் தன் கேலக்ஸி எஸ் வரிசையில் 2014இல் வந்த எஸ்5 வரை கழலும் பாட்டரி வைத்தது. 2015இல் எஸ்6 முதல் கைவிட்டது. மற்றவர்களும் அவ்வழியே சென்றனர்.

தயாரிப்பாளர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. கழலும் பாட்டரிக்குக் கெட்டியான உறையும் தனி மூடியும் வேண்டும். அவற்றை நீக்கினால் போன் மெலிகிறது. அல்லது பெரிய பாட்டரிக்கு இடம் கிடைக்கிறது. தண்ணீர் புகாமல் அடைப்பதும் எளிது. மெல்லிய போனை விரும்பி வாங்கியவர்களும் மக்களே. ஆயினும் இவையே முழுக் காரணம் என்று கொள்வதற்கில்லை. எஸ்5 தண்ணீரைத் தாங்கியது; 2024இல் வந்த எக்ஸ்கவர் 7 போனும் தாங்குகிறது. இரண்டிலும் பாட்டரி கழலும்.

லித்தியம் பாட்டரி தேயும் பொருள். பல போன்களில் சுமார் 500 முறை முழுதாக மின்னேற்றிய பின் அதன் கொள்ளளவு 80 விழுக்காட்டளவுக்கு இறங்குகிறது. மற்ற யாவும் நன்றாயிருந்தும், பாட்டரி தளர்ந்ததால் பலர் புதுப்போன் வாங்குகின்றனர். இதில் லாபம் யாருக்கு என்று விளக்கத் தேவையில்லை.

2017இல் ஆப்பிள், பாட்டரி தேய்ந்த போன்களின் வேகத்தைத் தான் குறைத்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணையாதிருக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறியது. 2020இல் பிரான்ஸ் அதற்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வாங்கியவரிடம் அதைச் சொல்லாமல் விட்டதே குற்றமாயிற்று.

அடைத்து விற்பது குற்றமா, அதைச் சொல்லாமல் விற்பது குற்றமா என்று கேட்டால், இரண்டாவதே என்போம். அறிந்து ஒப்பினால் அது பேரம். அறியாமல் ஒப்பினால், அவர் கொடுத்த பணத்தில் ஒரு பங்குக்கு நம்மிடம் கணக்கில்லை. சரக்கின் குறையை மறைத்து விற்றால் பரக்கத் இல்லை என்று நம் மார்க்கமும் எச்சரிக்கிறது.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கிறது. ஆனால் அவை கிடைக்காது என்று விற்கும்போதே அறிவித்துவிட்டால் அப்பொறுப்பு நீங்கும். சட்டமும் சொல்வதையே பெரிதாக மதிக்கிறது.

“அடைத்தவர் அவர், நமக்கென்ன?” என்பார் சிலர். வாடிக்கைக்காரர் அறிந்தது நம் முகத்தை. “சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்” என்பார் வேறு சிலர். போகலாம், அன்றைய லாபம் குறையலாம். அந்த நஷ்டத்தைத் தாங்குவதற்குத்தான் நாணயம் என்று பெயர்.

எனவே, போனைக் கையில் கொடுக்குமுன் மூன்று செய்திகளைச் சொல்லுவோம்: பாட்டரி எத்தனை காலம் உழைக்கும், மாற்ற எத்தனை வெள்ளி ஆகும், எங்கே மாற்றலாம். அதன்பின் அவர் வாங்கட்டும்.